மாதவரம் – பழவேற்காடு – காசிமேடு: டிரெய்லரோடு ஒரு சுற்று

வெள்ளி, மாதவரம்

வண்டி உள்ளேயே தங்கிக்கொள்ளும் ஒற்றை ஆக்சில் டிரெய்லர். எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) கூடு, சாமான் எல்லாம் ஏற்றினால் 1,200 கிலோ, காரின் கொக்கியில் டிரெய்லரை மாட்ட 50 மி.மீ. இரும்புக் குண்டு, அதாவது பால். பாதை இது: வடசென்னை மாதவரத்திலிருந்து தச்சூர் வழியாகப் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு, திரும்பும்போது மீஞ்சூர், எண்ணூர், காசிமேடு. தூரம் அதிகமில்லை. ஆனால் உப்புக்காற்று, நிலக்கரிச் சாம்பல், கன்டெய்னர் லாரி ஓடி உடைந்த ரோடு என்று டிரெய்லருக்கு ஆகாத மூன்றும் இந்த ஒரே சுற்றில் வந்துவிடும்.

டிரெய்லர் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மாசக்கணக்கில் ஷெட்டில் கிடந்த வண்டியை நேரே ரோட்டில் இறக்கினால் முதலில் போவது டயர். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தாலோ, பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். 185 ஆர் 14 சி, 8 பிளை டயருக்கு அதிகபட்சம் 65 பி.எஸ்.ஐ. அதை டயர் சூடாவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். காற்று பிடிக்கிற பையன் காரைப் பார்த்துப் பழகிய கையால் 35 வைத்துவிடுவான். எண்ணைச் சொல்லி, பக்கத்தில் நின்று பிடிக்கச் சொல்லுங்கள். காற்று குறைந்த டயர் வளைந்து வளைந்து சூடாகும். வெயில் நேரத்து நெடுஞ்சாலையில் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது முன்பாரம், அதாவது கொக்கியின் மேல் இறங்கும் எடை. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,200 கிலோவுக்கு 60 முதல் 84 கிலோ. கார் கம்பெனியும் கொக்கி செய்தவரும் கொடுத்த வரம்பைத் தாண்டவும் கூடாது. அளப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, கப்ளர் (பால்மேல் உட்காரும் டிரெய்லரின் முன்முனைப் பூட்டு) காரின் பால் இருக்கும் உயரத்தில் நிற்கும்படி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, கட்டைக்கு அடியில் ஆள் எடை பார்க்கும் மெஷினை வைத்தால் போதும். முன்பாரம் குறைந்தால் வால் ஆடும். தண்ணீர் டேங்க் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் டேங்கை நிரப்பினாலே முன்பாரம் குறைந்துவிடும். ஆகவே கனமான சாமானை ஆக்சிலுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ தாழ்வாக வையுங்கள்.

கப்ளரை மாட்டியதும் முன் ஜாக்கியை இரண்டு சுற்று ஏற்றிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து தூக்கினால் பூட்டு விழுந்திருக்கிறது. கப்ளர் மட்டும் எழும்பினால் பால் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

7 பின் பிளக்கில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர், சிவப்பு பிரேக் லைட், கறுப்பு இடது டெயில், பழுப்பு வலது டெயில், நீலம் பனி விளக்கு, வெள்ளை எர்த். இண்டிகேட்டர் போட்டால் எல்லா லைட்டும் மங்கலாகச் சேர்ந்து மினுக்கினால் பல்பைக் கழற்ற வேண்டாம், அது வெள்ளை வயரின் கோளாறு. லைட்டுகளை எரியவிட்டு, விளக்கின் எர்த் முனைக்கும் பிளக்கின் 3-ஆம் பின்னுக்கும் (வெள்ளை வயர் வரும் இடம்) நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ களிம்பு ஏறியிருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 61-ஆம் பிரிவுப்படி டிரெய்லரின் சொந்தப் பதிவு எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். காரை மாற்றி மாற்றி இழுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சனி, ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலை – பொன்னேரி

காலை ஆறு மணிக்கு முன்னால் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டிவிட்டால் நிம்மதி. பிறகு லாரிகளோடு முட்டிக்கொள்ள வேண்டும். வேகம் 60, மிஞ்சினால் 70. கன்டெய்னர் லாரி பக்கத்தில் ஏறிப் போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். வால் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் அதிகமாகும்.

நல்லூர் டோல்கேட் தாண்டியதும் முதல் நிறுத்தம். ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடா என்பதுதான் இன்னும் நல்ல அளவுகோல். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 40 கிலோமீட்டரிலும் 80 கிலோமீட்டரிலும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) திரும்பப் பார்க்கவும். எவ்வளவு டார்க் என்பதை ஆக்சில் கம்பெனியின் தாளில் பாருங்கள். குழாயைச் சொருகிக் காலால் மிதித்து இறுக்குவது டார்க் ஆகாது, ஸ்டட்டை நீட்டிவிடும்.

பொன்னேரியில் இன்றைய வேலை பேரிங். முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஆக்சில்கள் பலவற்றில் மூடிய பேரிங் இருக்கும். அதற்கு கிரீஸ் போடும் வேலையே இல்லை. பிரேக் டிரம்மைக் கழற்றினால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நட்டைப் புதிதாக வாங்கிப் போட வேண்டும். ஆல்கோ கம்பெனியின் யூரோ ஹப்பில் அதன் இறுக்கம் 290 நியூட்டன் மீட்டர். சாதாரண ரெஞ்ச் அங்கே எட்டாது. இங்கே உள்ளூரில் கட்டிய டிரெய்லர்களில் பெரும்பாலும் கூம்பு வடிவ ரோலர்கள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்தான். அதை வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீட்டருக்குள் பிரிக்க வேண்டும். பழவேற்காடு மாதிரி உப்புத்தண்ணீர்ப் பக்கம் போய்வருகிறவர்கள் வருஷக் கணக்கை ஓரங்கட்டிவிட்டு மழைக்கு முன், மழைக்குப் பின் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூடியைத் தட்டி எடுத்ததும் கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஆயில் சீல் போய்விட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் சூடாகியிருக்கிறது. விரலில் தேய்த்தால் வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் பேரிங்கே தேய்ந்துகொண்டிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு ரோலர்களையும் வெளி வளையத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ, நகம் சிக்கும் குழி இருந்தாலோ மாற்ற வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவிடக் கூடாது. மெக்கானிக் பையன்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், ஆனால் ரோலர் காய்ந்து உரசுகிறது.

மாற்றும்போது உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் ஜோடியாகவே மாற்றுங்கள். எண் வளையத்தின் முகத்தில் பொறித்திருக்கும். அந்த எண்ணோடு பழையதையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. சீலைப் பழையதாகத் திரும்பப் போடவே கூடாது. சீல் கசிந்தால் கிரீஸ் பிரேக் ஷூவில் ஏறும், அப்புறம் ஷூவும் செலவு.

கிரீஸ் லித்தியம் காம்ப்ளெக்ஸ், கெட்டித்தன்மை 2-ஆம் நம்பர். பழைய கிரீஸோடு கலக்காமல் முழுசாகத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவில் பிதுங்கி வரும்வரை சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். ஹப்பின் உட்குழியை முழுக்க நிரப்பத் தேவையில்லை, பாதிக்கும் குறைவாகப் போதும். திணித்தால் அதுவே சூடு.

இறுக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்குங்கள், பேரிங் தன் இடத்தில் உட்காரும். பிறகு நட்டை முழுக்கத் தளர்த்தி, விரல் பலத்தில் மட்டும் திரும்ப முட்டவிடுங்கள். நட்டைச் சுழலவிடாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின்னின் துளை ஒத்துவராவிட்டால் இறுக்கும் பக்கம் போகாமல் தளர்த்தும் பக்கம் அடுத்த துளைக்குப் போகவும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மிக லேசான அசைவு தெரிய வேண்டும். புது ஸ்பிலிட் பின் போட்டு, இரண்டு காலையும் மடக்கி, மூடியைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஞாயிறு, பழவேற்காடு

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர், அவர்கள் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள். வண்டிக்கு இங்கே கிடைப்பதோ உப்பு.

ஏரி ஓரத்தில் மணலில் இறக்கி நிறுத்தாதீர்கள், கெட்டித் தரை போதும். இரவுப் பனியோடு உப்பு படிந்து காலையில் அலுமினிய விளிம்புகளில் பிசுபிசுக்கும். அலுமினியத்தில் ஸ்டீல் ஸ்குரூ இருக்கும் இடமெல்லாம் ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். ஸ்குரூவைக் கழற்றி, நைலான் வாஷரும் பியூட்டைல் டேப்பும் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துத் திரும்பப் போடுவது ஒன்றே வழி. வாங்கும்போது 304-க்குப் பதில் 316 ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், கடலோரத்துக்கு அதுதான். ஊர் திரும்பும் முன் சேஸிஸின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம்.

தண்ணீர் டேங்க் சுத்தம் இங்கேயே செய்தாயிற்று. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 1 மில்லி, அது 50 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு வரும். 80 லிட்டர் டேங்குக்கு 80 மில்லி. ப்ளீச்சிங் பவுடர்தான் கிடைத்தது என்றால் 30 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பவுடர் 13 கிராம் அளவு. அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் இறங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றவும், இல்லாவிட்டால் பம்பின் வடிகட்டி அடைக்கும். ஒவ்வொரு குழாயாகத் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் விட்டு, முழுக்கக் கொட்டி, இரண்டு தரம் நல்ல தண்ணீர் விட்டு அலசவும்.

பம்பு ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. வடிகட்டிக் கிண்ணத்தின் ஓ-ரிங்கையும் கிளாம்ப்பையும் பாருங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்க, அவ்வப்போது டுக் டுக் என்று பம்பு தானாக ஓடினால் எங்கோ சொட்டுகிறது, அல்லது பம்பின் வால்வு பின்னோக்கி விடுகிறது. டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு மூட்டிலும் சுற்றி வைத்தால் ஈரமான இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

கரன்ட்டை யார் வீட்டிலாவது எடுப்பதென்றால் முதலில் மீட்டர் பிடிக்க வேண்டும். பேஸ்-நியூட்ரல் 230 அளவில், பேஸ்-எர்த்தும் அதே அளவில், நியூட்ரல்-எர்த் 3 வோல்ட்டுக்குக் கீழே. எர்த் இல்லாத பிளக்கில் சேஸிஸை இணைத்துவிட்டு, மழை ஈரத்தில் வெறுங்காலோடு கதவைத் தொடுவது ஆபத்தான விஷயம். டிரெய்லருக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம், அதன் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்க்கவும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மி.மீ., ஏ.சி. போடும்போது சுருளை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். சுருட்டியே வைத்தால் உருகும்.

காஸ் சிலிண்டர் அறையின் தரையில் துளை இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபில் காலாவதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷம் தாண்டக் கூடாது. கசிவுக்கு சோப்பு நுரை. ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்கட்டும்.

திங்கள், மீஞ்சூர் – அத்திப்பட்டு

இங்கே கதை சாம்பல். அனல்மின் நிலையப் பக்கம் ஒரு ராத்திரி நின்றால் காலையில் கூரையில் சாம்பல் நிறப் படலம். வறண்ட துணியால் துடைக்கவே கூடாது. சாம்பல் உப்புத்தாள் மாதிரி தேய்த்து அக்ரிலிக் ஜன்னலைப் புகைமூட்டமாக்கிவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சும். ஜன்னலில் தின்னர், பெட்ரோல் பட்டால் சில நாளில் வெடிப்பு ஓடும். சோலார் பேனலை விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள்.

பேட்டரி: லெட் ஆசிட் என்றால் சார்ஜ் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும். வெயிலில் சார்ஜ் வோல்ட்டேஜும் குறைய வேண்டும். 25 டிகிரிக்கு 14.4 என்றால், பேட்டரி பெட்டிக்குள் 40 டிகிரி இருக்கும்போது 14.0 போதும். வெப்பம் பார்க்கும் சென்சார் இல்லாத சார்ஜர் 14.4-இலேயே தள்ளித் தண்ணீரைக் கொதித்து வற்றவிடும். டிஸ்டில்டு வாட்டர் அளவு குறைகிறதே என்று பேட்டரியைத் திட்டுவார்கள், குற்றம் சார்ஜருடையது.

ஃபிரிட்ஜ் ராத்திரியில் தானே அணைந்தால் வயரைப் பாருங்கள். 10 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜுக்கு 5 மீட்டர் தூரம், போக வர 10 மீட்டர், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.2, ஃபிரிட்ஜில் 11.5, அதன் காப்பு சர்க்கியூட் அணைத்துவிடும். அதே இடத்தில் 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான்.

செவ்வாய், எண்ணூர்

திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி (டி.பி.பி.) சாலையில் வந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையைப் பிடிக்கும்வரை பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் நகர்ந்து, நின்று, நகரும்போது வேலை செய்வது பிரேக். ஓவர்ரன் பிரேக்கில் கார் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளி, கப்ளர் தண்டு உள்ளே போய்ப் பிரேக்கை இழுக்கும். காரைக் கழற்றிய பின் கையால் அந்தத் தண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். பலமாகத் தள்ளினால் நிதானமாகப் போய், நிதானமாகத் திரும்ப வேண்டும். வெண்ணெயில் போவதுபோல் சட்டென்று போனால் உள்ளிருக்கும் டாம்பர் (ஷாக் அப்சார்பர்) செத்துவிட்டது. ஓடும்போது பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தரமும் 'டங்'கென்று இடிப்பது இதனால்தான்.

பிரேக் பிடிமானம் குறைந்தால் நடுவிலுள்ள ராடைச் சுருக்கிச் சரிக்கட்டுவார்கள். அது தப்பு. சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, முன்னோக்கியே சுற்றிக்கொண்டு அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, தடையின்றிச் சுற்றும்வரை தளர்த்தவும். இரண்டு பக்கமும் முடித்த பின்தான் ராடில் மிச்சமிருக்கும் தளர்ச்சியை எடுப்பது.

பட்டா ஸ்பிரிங் உள்ள வண்டியில் யு-போல்ட் நட்டுகளையும் ஷேக்கிள் புஷ்ஷையும் இந்த ரோட்டுக்குப் பிறகு பார்க்காமல் விடாதீர்கள். பட்டாவில் துருக்கோடு குறுக்கே ஓடியிருந்தால் அது துரு இல்லை, விரிசல்.

புதன், காசிமேடு

ஜன்னல் மூலையில் ஒரு விரிசல். எஃப்.ஆர்.பி. வேலைக்கு வடசென்னையில் காசிமேட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. படகு வேலை செய்கிற கை, டிரெய்லர் கூட்டையும் அதே வேகத்தில் பார்க்கும். காலையில் போனால், "இப்ப ஈரம் ஜாஸ்தி சார், வெயில் ஏறட்டும். இப்ப பூசினா உரிஞ்சிடும்" என்கிறார் படகுக்காரர். அவர் சொல்வது சரி. உப்பும் ஈரமும் இருக்கும் பரப்பில் ரெசின், அதாவது எஃப்.ஆர்.பி.யின் பிசின் ஒட்டாது.

பூசுவதற்கு முன் ஏன் விரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னல் மூலையில் விரிசல் என்றால் கூடு முறுக்கிக்கொள்கிறது, சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருக்கும். அதை இறுக்காமல் ஒட்டினால் பக்கத்தில் புதுசாக ஓடும்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காய்ந்ததும் அசிட்டோனால் மெழுகைத் துடைத்து, அப்புறம்தான் கிரைண்டர். வரிசை மாறினால் மெழுகைத் தேய்த்து உள்ளே இறக்கியதாகிவிடும். விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டால் மேற்கொண்டு ஓடாது. கூட்டின் தடிமன் 3 மி.மீ. என்றால் விரிசலின் இரு பக்கமும் 36 மி.மீ. வரை சரிவாகத் தேய்த்து இறக்க வேண்டும், அதாவது 12 மடங்கு. சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள கண்ணாடியிழை மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும், ஆகவே மூன்று அடுக்கு. ரெசின் எடை, மேட் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு.

கலவையில் கவனம். ரெசினின் வேகத்தைக் கூட்டும் கோபால்ட்டை முதலில் அதில் ஊற்றி முழுக்கக் கலக்கிய பின்தான், கெட்டியாக்கும் ஹார்டனர். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில் வைத்து டிரெய்லரில் கொண்டுபோவது மடத்தனம். கடையிலேயே கோபால்ட் கலந்து தரும் ரெசினை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. சென்னை வெயிலில் ஹார்டனர் 1 முதல் 1.5 சதவீதம் போதும், 200 கிராம் ரெசினுக்கு 2 முதல் 3 மில்லி. கொஞ்சம் கூட ஊற்றினால் கிண்ணத்திலேயே கெட்டியாகிப் புகைவிடும். கையில் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கப் வளைய ஆரம்பித்தால் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மேட்டைப் போட்டு ரோலரால் காற்றுக் குமிழியை வெளியேற்றுவதில்தான் வேலையின் தரம் தெரியும். வெள்ளைப் புள்ளியாகத் தெரிவதெல்லாம் காற்று. கடைசிப் பூச்சில் மெழுகு கலக்காவிட்டால் காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட்டை மேலே ஒட்டி மூடினாலும் போதும்.

கூரை மூட்டுகளையும் இங்கேயே பார்த்தாயிற்று. சிலிக்கான் வேண்டாம். பின்னால் வேறு எதுவும் அதன்மேல் ஒட்டாது. எபாக்சி புட்டியும் வேண்டாம், கூரை விரியும் சுருங்கும், புட்டி விரியாது. கீழே பியூட்டைல் டேப், மேலே பாலியூரிதேன் சீலன்ட். ஒழுகும் இடம் தெரியவில்லையா? ஜன்னல்களை மூடி, கூரை வென்ட்டில் ஒரு புளோயரை வைத்து உள்ளே காற்றைத் தள்ளிக்கொண்டு, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை எழும். ஈர மீட்டரில் 15 சதவீதத்துக்குள் சரி, 30 தாண்டினால் உள்ளே மரம் இற்றுக்கொண்டிருக்கிறது என்று வெளிநாட்டுப் பட்டியல்கள் சொல்லும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் நல்ல மரமே சற்றுக் கூடக் காட்டும். ஒழுகவே முடியாத உள்பக்கப் பலகையில் ஒரு அளவு எடுத்துவைத்துக்கொண்டு மற்ற இடங்களை அதோடு ஒப்பிடுங்கள்.

வியாழன், மணலி ஷெட்

இனி நிறுத்திவைக்கும் வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை ஒழுங்காகச் செய்தால் ஜனவரியில் செலவு குறையும். ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்கு இருபக்கமும் கட்டை வையுங்கள். பிரேக் போட்டே நிறுத்தினால் ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கூரைத் தண்ணீர் வென்ட்டின் எதிர்ப்பக்கம் ஓடும்படி முன் ஜாக்கியை ஏற்றி இறக்கிச் சாய்வு கொடுங்கள். தென்னை மரத்தடி கூடாது, மட்டை ஒன்று விழுந்தால் கூரை போச்சு. தார்ப்பாயை நேரே கூட்டின் மேல் போர்த்தக் கூடாது. உள்ளே வேர்த்துக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், காற்றில் உரசிப் பாலிஷும் போகும். நான்கு கால் நட்டுத் தகரக் கொட்டகை போடுவதே உருப்படி.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். தண்ணீர் டேங்க், பம்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். கீழே வயர் போகும் துளைகளை ஸ்டீல் கம்பளியால் அடையுங்கள், பெருச்சாளிக்கு வயர் உறை என்றால் உயிர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் வெள்ளம் நின்ற தெருக்கள் எத்தனையோ. நிறுத்தும் இடத்தில் அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள், சுவரில் கறை இருந்தால் ஹப்பின் உயரத்தோடு அளந்து பாருங்கள். ஹப் முழுகும் உயரம் என்றால் ஆக்சிலுக்கு அடியில் முட்டு கொடுத்துத் தூக்கியே வைக்கலாம். தூக்க முடியாமல் முழுகிவிட்டால், தண்ணீர் வடிந்த வாரத்துக்குள் டேப்பர் பேரிங்கைப் பிரித்து, கழுவி, புது சீல் போட்டு, கிரீஸ் அடைத்துவிடுங்கள். மூடிய பேரிங் என்றால் கழுவ முடியாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து, கரகரப்பு இருந்தால் பேரிங்கையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் அந்த நட்டையும் சேர்த்து மாற்றிய பிறகே ரோட்டில் இறக்குங்கள்.